ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பிஸ்டன்

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொல்ல வந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அந்த ஐந்து கிலோமீட்டரைத் தன் மனைவியோடு மோட்டார் சைக்கிளில் கடப்பதற்கு என் சிநேகிதன் மன்சூர் எடுத்துக்கொண்ட காலம் இருபத்திரண்டு வருடமும் மூன்றரை மாதமும். இருபத்திரண்டு வருடத்துக்குக் காரணம் ஷார்ஜா. அதற்கு அவனை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றரை மாதத்துக்குக் காரணம் ஒரு பிஸ்டன். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் சுப்பு. குத்துக்கல்வலசை போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை தளவாயின் பைக் பட்டறை. நடுவில் ஒரு தகரம்தான் சுவர். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்காவிட்டால் எழுந்துபோய்க் கேட்டுக்கொள்வேன்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வகுப்பு. 'ஏதேனும் ஐந்து வினாக்களுக்கு மட்டும் விடையளி' என்று கேள்வித்தாளில் இருந்தால் மன்சூருக்கு வியர்த்துவிடும். ஏழுக்கும் அவனுக்கு விடை தெரியும். எந்த இரண்டை விடுவது என்று யோசித்துக்கொண்டே இருப்பான், மணி அடித்துவிடும். ஒன்றும் தெரியாத நானும் தளவாயும் தேறினோம். எல்லாம் தெரிந்த மன்சூர் அக்டோபரில் மறுபடி எழுதினான்.

அதற்குப் பிறகு அவன் வாழ்க்கையில் 'ஏதேனும் ஒன்று' என்ற கேள்வியே வரவில்லை. பெண்ணை அவனுடைய உம்மா பார்த்தார். ஷார்ஜா வேலையை மாமா பார்த்தார். அங்கே தினமும் என்ன சாப்பிடுவது என்பதை மெஸ்காரர் பார்த்துக்கொண்டார். எப்போது ஊருக்குப் போவது என்பதை முதலாளி பார்த்துக்கொண்டார். மணல்மேட்டில் ஏறி இறங்கி விளையாடுகிற பணக்கார வண்டிகளைப் பழுதுபார்க்கும் பெரிய பட்டறை அது. மன்சூர் அங்கே ஸ்டோர் கீப்பர். ஜூன் பிறந்தால் முதலாளி வெயிலுக்குப் பயந்து குடும்பத்தோடு வெளிநாடு போய்விடுவார். ஸ்டோர் சாவி மன்சூரிடம். ஆகையால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவனுக்குக் கிடைக்கும் இரண்டு மாத லீவு மார்கழியிலோ மாசியிலோதான் வரும். மேற்கே மேகம் இறங்கி ஊரே சாரலில் ஊறிக்கிடக்கும் ஆனியிலும் ஆடியிலும் அவன் ஒருமுறைகூட இங்கே இருந்ததில்லை. பதினொரு லீவு, ஒன்றிலும் சாரல் இல்லை.

அவன் மனைவி மிஸ்ரியா குற்றாலம் பார்க்காதவள் அல்ல. நாத்தனார்களோடு போயிருக்கிறாள், மகளோடு போயிருக்கிறாள், சம்பந்தி வீட்டாரை வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். புருஷன் அக்கரையில் இருக்கும்போது வீட்டைக் கட்டியது, மகளைக் கட்டிக்கொடுத்தது, கிணற்று மோட்டாரை மாற்றியது எல்லாம் அவள்தான். எதற்கும் அரை நாளுக்கு மேல் யோசித்ததாகத் தெரியவில்லை. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கல்யாணமான புதிதில் மன்சூர் வாங்கிய பழைய புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து, சாரலில் நனைந்துகொண்டே குற்றாலம் போக வேண்டும்.

"எல்லாரு கூடயும் போயாச்சுண்ணே, இவுக கூடதான் போகல" என்று ஒருமுறை என் கடையில் ஆதார் கார்டுக்கு நகல் எடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. அன்று முழுவதும் மனசு ஒரு மாதிரியாக இருந்தது.

போன மார்கழியில் மன்சூர் ஒரேயடியாக ஊர் திரும்பினான். பெட்டியை இறக்கும்போதே மிஸ்ரியா சொல்லிவிட்டாள், இந்தச் சாரலுக்குப் போகிறோம் என்று. அவனும் சரி என்றான். வைகாசி பிறந்ததும் புல்லட்டின் மேல் போட்டிருந்த சாக்கை எடுத்துவிட்டு உதைத்தான். கிக்கர் இறங்கவில்லை. மறுபடி உதைத்ததில் முழங்கால்தான் இறங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு தளவாயிடம் வந்தான்.

தளவாய் எஞ்சினைப் பிரித்தான். நின்று நின்று சிலிண்டருக்குள் துருப்பிடித்து, பிஸ்டன் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லலே. சிலிண்டர உள்ளாற கடைஞ்சு ரீபோர் பண்ணி புது பிஸ்டன் போட்டா நாலு நாள்ல வண்டி ஓடும்" என்றான் தளவாய்.

"எந்த பிஸ்டன்?" என்று மன்சூர் கேட்டான்.

தளவாயின் பட்டறையில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. "எந்த பிஸ்டன்னா? பிஸ்டன்தான்" என்றான்.

"காஸ்ட்டா, ஃபோர்ஜ்டா?"

நான் எழுந்துபோனேன். தளவாய் நெற்றியில் கிரீஸோடு நின்றிருந்தான். எனக்கு விளங்குகிற மாதிரி அவன்தான் சொன்னான்.

"சுப்பு, காஸ்ட்டுன்னா இட்லி. அலுமினியத்த உருக்கி அச்சுல ஊத்தி எடுக்கது. ஃபோர்ஜ்டுன்னா பரோட்டா. கட்டிய வச்சு அடிச்சு அமுக்கிச் செய்யது. அதுக்குப் பலம் ஜாஸ்தி. ரேஸுக்குப் போறவன் போடுவான்."

"இவன் ரேஸுக்கா போறான்?"

"அதத்தாம்லே நானும் கேக்கேன்."

மன்சூர் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வராது, சந்தேகம்தான் வரும். இருபத்திரண்டு வருடம் கவுண்டரில் நின்று இரண்டு வகையையும் ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்தவன் அவன். ஒன்றைக்கூட மாட்டியதில்லை. "காஸ்ட் நல்லதுதாம்லே. சிலிண்டர்ல இறுக்கமா ஒக்காரும், சத்தமே இருக்காது. ஆனா சூடு ரொம்ப ஏறிட்டா வெடிச்சிரும். ஃபோர்ஜ்டு வெடிக்காது. ஆனா சூட்டுல ரொம்ப விரியும். அதனால இடைவெளி கூட விட்டு மாட்டணும். காலைல ஸ்டார்ட் பண்ணினா டக்கு டக்குன்னு இடிக்கும். எத எடுக்கது, எத விடுறது?"

"ஏலே, இங்கன இருந்து குத்தாலத்துக்கு அஞ்சு கிலோமீட்டர். அதுக்குள்ள என்ன வெடிக்கும்?" என்று தளவாய் கத்தினான்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மன்சூர் போய்விட்டான்.

சரி, யோசிக்கட்டும், அதுவரை மற்ற வேலையைப் பார்ப்போம் என்றால் அதற்கும் வழியில்லை. பிஸ்டனைக் கையில் கொடுத்தால்தான் லேத்காரர் அதன் அளவுக்குச் சிலிண்டரைக் கடைவார். ஃபோர்ஜ்டுக்கு இடைவெளி அதிகம், காஸ்ட்டுக்குக் குறைவு. மன்சூர் ஒரு முடிவுக்கு வராமல் ஒரு திருகாணிகூட நகராது. புல்லட் வயிறு திறந்தபடி பட்டறை மூலையில் கிடந்தது.

அவன் கேட்காத ஆள் இல்லை. ஷார்ஜா வாட்ஸப் குழுவில் கேட்டான். டீக்கடையில் கேட்டான். ஆய்க்குடியில் பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு டாக்டரிடம் கேட்டிருக்கிறான். அவர் ஸ்கூட்டி ஓட்டுகிறவர். பள்ளிவாசலில் இமாமிடமே போய்க் கேட்டான். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு நீங்க தளவாயத்தான் கேக்கணும் பாய்" என்று அனுப்பிவிட்டார்.

ஆனி பிறந்தது. சாரலும் பிறந்தது. செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று வீசியது. காயப்போட்ட துணி மூன்று நாளாகியும் காயவில்லை. மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்று என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்கள். அப்படி ஒரு நாள்தான் மன்சூர் ஒரு தாளோடு வந்தான்.

"சுப்பு, இது முப்பது காப்பி போடு."

வாங்கிப் பார்த்தேன். நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் காஸ்ட், இன்னொரு பக்கம் ஃபோர்ஜ்டு. இரண்டின் நன்மை தீமைகள். கீழே டிக் அடிக்க இரண்டு கட்டம். ஓட்டெடுப்பு நடத்தப் போகிறானாம். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, போட்டுக் கொடுத்தேன். என்னுடைய முதல் குற்றம் அது.

நான்கு நாளில் தாள்கள் திரும்பின. என் மேஜை மேல் வைத்தே எண்ணினான். காஸ்ட் பதினாலு. ஃபோர்ஜ்டு பதினாலு. ஒருவர் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்திருந்தார். மிச்சமிருந்த ஒன்றில் 'வண்டியை வித்துரு' என்று எழுதியிருந்தது. கையெழுத்து தளவாயுடையது.

"நீ போடலியே சுப்பு" என்று என்னைப் பார்த்தான்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது. எனக்கு அன்று பத்திர நகல் எடுக்க ஆறு பேர் காத்திருந்தார்கள். மூலத் தாளில், பேனாவுக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தில் ஒரு டிக் அடித்தேன். அது ஃபோர்ஜ்டு. மன்சூர் கண் கலங்க என் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கே கோயம்புத்தூருக்கு ஆர்டர் போட்டுவிட்டான்.

பார்சல் வந்த பிறகு அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. முடிவு செய்தது ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன், அவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான யோசனைதான், மறுக்க மாட்டேன். உடனே திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு காஸ்ட் பிஸ்டனும் வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டு பெட்டியையும் வீட்டு ஷோகேஸில், மகளின் கல்யாணப் போட்டோவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்தான். காலையில் எழுந்து ஒன்றைப் பார்ப்பான், சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து இன்னொன்றைப் பார்ப்பான். ஆனி முடிந்து ஆடியும் பாதி கழிந்தது. குளித்துவிட்டு வருகிறவர்கள் இப்போது தண்ணீர் பரவாயில்லை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். சீசன் வடிகிறது என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் அடையாளம்.

எனக்குள் ஆத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "ஏலே மன்சூர், அந்தப் பிள்ளை இருபத்திரண்டு வருசமா காத்துக்கிட்டு இருக்கு. உனக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "என்னைய எவனும் எதையும் கேட்டதில்ல சுப்பு. இப்பந்தான் முதல் தடவையா ஒண்ணு என் கையில இருக்கு. அது தப்பாப் போயிருமோன்னு பயமா இருக்குலே."

அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

மறுநாள் மத்தியானம் மிஸ்ரியா குடையோடு வந்தாள். என் கடைக்கு என்று நினைத்தேன். நேராகத் தளவாயின் பட்டறைக்குள் போய், பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து ஸ்டூலில் வைத்தாள். நான் வழக்கம்போல எழுந்துபோனேன்.

"அண்ணே, இத மாட்டுங்க" என்றாள்.

தளவாய் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். ஃபோர்ஜ்டு. அவன் நேர்மையான மெக்கானிக். "எம்மா, நம்ம ஊருக்கு அந்தச் சாதா பிஸ்டனே தாராளம். இது ஸ்டார்ட் பண்ணின உடனே இடிக்கும். பெருஞ்சத்தமா இருக்கும்."

"எவ்வளவு நேரம்ணே?"

"சூடேறுத வரைக்கும். ஒரு பத்து நிமிசம்."

"பொறவு?"

"பொறவு விரிஞ்சு ஒழுங்கா ஒக்காந்துக்கிடும். அப்புறம் எங்க கொண்டு போனாலும் தாங்கும்."

"அப்ப இதுதான்" என்று சொல்லிவிட்டு மிஸ்ரியா குடையை விரித்தாள். ஏன் என்று சொல்லவில்லை. அரை நிமிடத்தில் முடிந்தது. மூன்று மாதமாக, முப்பது பேரிடம் ஓட்டு வாங்கியும் முடியாத விஷயம்.

ஷோகேஸில் ஒரு பெட்டி குறைந்திருப்பதைப் பார்த்து மன்சூர் சத்தம் போடுவான் என்று நானும் தளவாயும் எதிர்பார்த்தோம். அவன் சத்தம் போடவில்லையாம். "யாரு எடுத்தா?" என்று கேட்டிருக்கிறான். "நாந்தான்" என்றிருக்கிறாள். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானம் பாயை விரித்துப் படுத்தவன் அந்தி மஃரிப் தொழுகை வரை தூங்கியிருக்கிறான்.

லேத்காரரிடம் கீழப்பாவூர் பக்கத்துப் பம்புசெட்டுகள் வரிசையில் நின்றதால் சிலிண்டர் கடைந்து வரப் பத்து நாள் ஆயிற்று. ஆவணி பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் புல்லட் பட்டறை வாசலில் தயாராக நின்றது. சாரல் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏதோ பேருக்கு நாலு தூறல் விழுந்துகொண்டிருந்தது. மிஸ்ரியா ஒரு பையில் துண்டும் சோப்பும் எண்ணெய்ப் பாட்டிலும் வைத்திருந்தாள். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு வாசலில் நின்றேன்.

மன்சூர் பிஸ்மி சொல்லி உதைத்தான். மூன்றாவது உதையில் எஞ்சின் பிடித்தது.

டக் டக் டக் டக்.

சுத்தியலை வைத்து உள்ளேயிருந்து யாரோ அடிப்பது மாதிரி இருந்தது. எதிரே டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மன்சூரின் முகத்தில் ரத்தம் இல்லை. வண்டியை அணைத்தான். இறங்கியும் விட்டான்.

"தளவாய், எஞ்சின எறக்குலே. காஸ்ட்டே போட்டிருக்கலாம். நான் அப்பவே நெனச்சேன்."

"கோட்டிக்காரப் பயலே! நீ எப்பம்லே நெனச்ச?" என்று தளவாய் ஸ்பேனரோடு பாய்ந்தான். நான் நடுவில் போய் நின்றேன்.

அதற்குள் மிஸ்ரியா பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

"இந்தச் சத்தம் எனக்கு என்ன புதுசா? ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவுல வருவிய. வந்த புதுசுல இப்படித்தான். எங்க ஒக்காரதுன்னு தெரியாது, எந்தச் செம்புல தண்ணி குடிக்கதுன்னு தெரியாது, பெத்த மக கிட்ட என்ன பேசதுன்னு தெரியாது. வீட்டுக்குள்ள நடந்து நடந்து இடிச்சுக்கிட்டே கெடப்பிய. கொஞ்சங் கொஞ்சமாச் சூடேறி நம்ம வீட்டு ஆளா ஒக்காருவிய. சத்தம் அடங்கும். அடங்குன மறுநாளு டிக்கெட்டு. பதினோரு தடவ. நான் என்ன எஞ்சினயா எறக்குனேன்? ஏறுங்க."

தளவாய் திரும்பிக்கொண்டு, தேவையில்லாத ஒரு நட்டைத் தேட ஆரம்பித்தான். மன்சூர் ஏறி உதைத்தான்.

"புது பிஸ்டன், நாப்பதுக்கு மேல போகாத!" என்று தளவாய் கத்தினான். மன்சூர் பள்ளிக்கூட நாளிலிருந்து எதிலும் நாற்பதைத் தாண்டியதில்லை. டக் டக் என்று இடித்துக்கொண்டே வண்டி குற்றாலம் ரோட்டில் திரும்பியது.

இருபது நிமிடத்தில் என் போன் அடித்தது. மன்சூர்தான்.

"சுப்பு, மெயின் அருவிக்கு வந்துட்டோம். தண்ணியே இல்லலே. பாறைதான் தெரியுது. ஒரு ஓரத்துல நூல் மாதிரி வடியுது. அதுக்கும் அம்பது பேரு சோப்போட நிக்கான். நின்னு பாக்கவா, திரும்பிரவா? என்ன செய்ய?"

மூன்றரை மாதம். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து மிஸ்ரியாவின் குரல் கேட்டது.

"வண்டிய நிறுத்தாதிய."

"தண்ணி இல்லியே" என்றான் அவளிடம்.

"தண்ணி இருந்தா மட்டும் என்ன, ஆம்பளைய ஒரு பக்கம், பொம்பளைய ஒரு பக்கம். நான் குளிக்கவா வந்தேன்? இப்பந்தான் சத்தம் அடங்கியிருக்கு. அணைக்காம அப்படியே போங்க."

"எங்க?"

"போங்கன்னா போங்க."

போனில் வண்டியின் சத்தம் கேட்டது. நிதானமாக, சீராக, இடியே இல்லாமல். போன் அப்படியே கட் ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணி இருக்கும், மறுபடி அடித்தது. இப்போது செங்கோட்டைக்கும் அப்பால், கேரளா போகிற ரோட்டில் ஒரு பரோட்டாக் கடையில் இருந்தான். கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம் காதைப் பிளந்தது.

"சுப்பு, இங்கன சிக்கனும் இருக்கு, காடையும் இருக்கு. எது..."

முடிக்கவில்லை. போன் கை மாறியது. "சுப்பு அண்ணே, நீங்க வைங்க" என்றாள் மிஸ்ரியா. அவள் சிரிப்பது கேட்டது. இது எனக்குப் பிடித்த சிரிப்பு.

வைத்துவிட்டேன்.

"என்னவாம்லே? சத்தம் வருதாமா?" என்று தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து தளவாய் கேட்டான்.

"இல்லியாம்" என்றேன். "இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்காவ."